எண்ணிக்கை மட்டும் உள்ள கல்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் சாவடிச் சுவரோடு சேர்த்து அந்தக் கல்லையும் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். சுவரில் பதித்த பளிங்குப் பலகை, ஒரு முழ அகலம் இருக்கும். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம்: 1914-1919 பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்கார சர்க்கார் ஊர் ஊராக வைத்த கல் இது. அச்சடித்த மனுப் படிவம் மாதிரி வாசகம் எங்கும் ஒன்றேதான், எண் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

வேப்பங்குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். செத்தவர்கள் 3 பேரா 8 பேரா என்று தெரியவில்லை. எழுத்துக் குழியில் பல வருஷச் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கிறது. ஐந்து உயிர் வித்தியாசம், ஒரு விரற்கடைச் சுண்ணாம்பில்.

14 ஜனவரி, பொங்கல்

ஆயாவிடம் கேட்டேன். கேட்காமல் இத்தனை வருஷம் எப்படி இருந்தோமோ!

"எங்க பெரியப்பாரு பஸ்ராவுக்குப் போனாருடா. வரவேயில்ல. எங்கப்பா அப்ப சின்னப் பையன். வெள்ளிக் காசு ஒண்ணு தபால்ல வந்துது, ராஜா தலை போட்டது. எங்க அண்ணன் பொறந்தப்ப அத உருக்கி அரணாக்கொடி பண்ணிட்டாங்க."

பஸ்ரா இன்றைய இராக்கில் இருக்கிறது. தபாலில் வந்தது காசில்லை, போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கும். விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அவர் பேர் அச்சாகி ஊருக்கு வந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் யாரைக் குறை சொல்வது? விளிம்பு எழுத்தைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை, பிள்ளை இடுப்புக்கு வெள்ளியும் இல்லை. நானாக இருந்தாலும் உருக்கித்தான் இருப்பேன்.

படைப்பிரிவு எது என்றேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பாலம் கட்டுற பட்டாளம்னு அப்பா சொல்லுவாரு."

அந்த ஒரு சொல் போதும். பாலம் கட்டுகிற பட்டாளம் என்றால் பெரும்பாலும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ்தான். அந்தப் படை ஆட்களை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1917 பிப்ரவரி 23 அன்று குட் நகருக்கு மேலே ஷும்ரான் வளைவில் வெள்ளைக்கார சர்க்காரின் படை டைகிரிஸ் ஆற்றைக் கடந்தது. அங்கிருந்த 14ஆவது டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸின் 12, 13ஆவது கம்பெனிகள் இருந்தன. மார்ச் 11இல் பாக்தாத் விழுந்தது. பெரியப்பாரு அந்த ஆற்றங்கரை வரை போனாரா, அதற்கு முன்னாலேயே காலராவிலோ பேதியிலோ போனாரா என்பது வேறு விஷயம். மெசபடோமியாவில், அதாவது அந்த இராக் பகுதியில், குண்டைவிட நோய்க்குப் பயந்தவர்கள் ஏராளம்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது எடுத்தனூர் நடுகல் ஞாபகத்துக்கு வந்தது. செங்கம் பக்கத்துக் கல். பல்லவ ராஜா மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கம். மாடு கவரும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல் இன்னும் பழசு, தமிழ்ப் பிராமி எழுத்து. "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." அதாவது கூடல் ஊரில் நடந்த ஆகோளில், மாடு கவரும் சண்டையில், செத்த பேடு ஊர் தீயன் அந்தவனின் கல். எந்த ஊர்க்காரன், பேர் என்ன, எந்தச் சண்டை, எல்லாம் ஒரு வரிக்குள் வந்துவிட்டது. ராஜா பேர்கூட இல்லை.

மாட்டுக்காகச் செத்தவனுக்கு, அவன் நாய்க்குக்கூடப் பேர் வெட்டிய மண் இது. சாம்ராஜ்யத்துக்காகச் செத்தவனுக்கு வெறும் எண்.

19 ஜனவரி, ஞாயிறு

உலகப் போர்களில் செத்த சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் முழு ராத்திரி போனது. நம் பேரை அந்தக் காலத்து குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். சாமிக்கு ஒரு எஸ்ஸா இரண்டா, முனுவுக்கு யூவா ஓஓவா என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். சில பதிவுகளில் தகப்பன் பேர், ஊர், தாலுகா இருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. வட ஆற்காடு என்று போட்டு வடிகட்டியதில் பொருந்துகிற மாதிரி இரண்டு பேர் நிற்கிறார்கள். யார் என்று உறுதியாகும்வரை பேரை இங்கே போடப்போவதில்லை. தப்பான ஆளுக்கு மாலை போடக் கூடாது.

இரண்டு பேரும் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் சேர்ந்தவர்கள். அங்கேயும் இதே கதை! 1929இல் திறந்த அந்தச் சுவரில் பிரிட்டிஷ்காரர்கள் பேரும் இந்திய அதிகாரிகள் பேரும் உண்டு. நம் சாதாரண சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் பேரும் எத்தனை பேர் என்ற எண்ணும்தான். 2021 ஏப்ரலில் ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். நூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பை ஆயாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "அந்தச் சுவராவது இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் சதாம் காலத்தில், 1997இல், அப்படியே பெயர்த்து நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

25 ஜனவரி, சனி

பளிங்கில் ஆசிட் படக் கூடாது என்று கல் தச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க ஈரச்சாக்கு போர்த்தி வைத்து, காலையில் மூங்கில் குச்சியால் மெதுவாக நெம்பினோம். சுண்ணாம்பு வில்லை வில்லையாக வந்தது.

3.

26 ஜனவரி, ஞாயிறு

கிராம சபையில் தெருவிளக்கு, குடிதண்ணீர், நூறு நாள் வேலைப் பாக்கி எல்லாம் முடிந்து கடைசியில் என் மனு வந்தது. பழைய கல்லைத் தொடாமல், பக்கத்தில் இன்னொரு கல்லில் மூன்று பேர் பேரையும் வெட்ட வேண்டும். தலைவர் சரி என்றார். உடனே சண்டை. பேருக்குப் பின்னால் சாதி போட வேண்டும் என்றார் ஒரு பெரியவர். பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே வேண்டாம். பேர், தகப்பன் பேர், படை, செத்த இடம். புலிமான்கோம்பைக்காரனுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

திரும்பி வந்தவர்களை ஏன் விட வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. கல் கொள்ளாது என்று சொல்லிச் சமாளித்தார்கள், எனக்குச் சமாதானமாகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு காலனியிலிருந்து ஒருவர் வந்தார். "எங்க கொள்ளுத்தாத்தா கூடப் பொறந்தவரும் போய் வரலன்னு சொல்லுவாங்க சார். துப்பாக்கி கொடுக்கலயாம், மூட்டை தூக்குற வேலையாம். அவரு இந்த மூணுல வருவாரா?"

தெரியவில்லை என்றேன். மூட்டை தூக்கும் தொழிலாளர் படையில் போனவர்களைக் கல் வைத்தவர்கள் கணக்கில் எடுத்தார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். பழைய காகிதம் எது இருந்தாலும், கரையான் அரித்ததாக இருந்தாலும், எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.