சண்டையைப் பத்தி கேட்டா பூட் கேம்ப் கதை வருது

கொஞ்ச காலமா எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. வேலை முடிஞ்சதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு அமெரிக்க ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன பெரியவங்களோட பேட்டிகளை கேட்டுக்கிட்டே இருக்கேன். அமெரிக்க நாடாளுமன்றத்தோட நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு, 2000ல அந்த நாடாளுமன்றம், அதாவது காங்கிரஸ், சட்டம் போட்டு ஆரம்பிச்சது, இப்ப ஒரு லட்சம் பேருக்கு மேல சொன்ன கதைங்க அங்க சேர்ந்திருக்கு. பேட்டி எடுக்கறவங்க பத்திரிகைக்காரங்களா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, பேத்தியே ரெக்கார்டரை வச்சு தாத்தாவை அரை மணி நேரமாவது பேச வச்சு அனுப்பினா ஏத்துக்குவாங்க. அதனால கேள்விங்க எல்லாம் ரொம்ப நேரடியா இருக்கும். சண்டை எப்படி இருந்துச்சு, பயந்தீங்களா, இப்படி.

அதுக்கு வர்ற பதில்தான் என்னை இழுத்துப் பிடிச்சு உக்கார வச்சது. நான் கேட்டதுல பாதிக்கு மேல, சண்டைன்னு கேட்டா ரெண்டு வரிதான். எந்த இடம், எந்த மாசம், நிறைய பேர் திரும்பி வரலை, முடிஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடி பூட் கேம்ப், அதாவது புதுசா சேர்றவங்களுக்கான டிரெயினிங் பத்தி ஒரு கேள்வி கேட்டிருப்பாங்க பாருங்க, அதுக்கு மனுஷன் நிறுத்தாம பேசியிருப்பார், டிரில் இன்ஸ்ட்ரக்டர் பேரு, அவர் குரல் எப்படி கரகரன்னு இருக்கும், பக்கத்து பங்க் கட்டில்ல படுத்தவன் எந்த ஊரு, எல்லாம் அப்படியே நேத்து நடந்த மாதிரி.

மெரைன் (கடல் வழியா போய் தாக்கற படை) ஆளுங்க பேட்டின்னா ஆரம்பமே தெரிஞ்சதுதான். சவுத் கரோலினாவுல பாரிஸ் ஐலண்டுன்னு ஒரு தீவு, சுத்தி சதுப்பு நிலம், பஸ் அங்க போய் சேர்றதே ராத்திரிலதான். பஸ் நின்னதும் ஒருத்தர் ஏறி கத்துவார், இறங்கி ஓடிப்போய் தரையில பெயின்ட் அடிச்சிருக்கற மஞ்சள் பாதத் தடத்து மேல கால் வச்சு நிக்கணும். அப்புறம் மொட்டை, அப்புறம் வீட்டுக்கு ஒரு போன், அந்த போன்லயும் என்ன பேசணும்னு எழுதி ஒட்டியிருப்பாங்க, அதை படிச்சுட்டு வச்சிடணும், அம்மா எப்படி இருக்கேன்னு கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் வாரக்கணக்குல "நான்" அப்படின்னே சொல்லக்கூடாது, இந்த ரெக்ரூட் (புதுசா சேர்ந்தவன்) பாத்ரூம் போக அனுமதி கேட்கிறான்னுதான் சொல்லணும். அந்த தீவுல மணல் பூச்சி ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே சரியா தெரியாது ஆனா கடிச்சா உயிர் போகும். அட்டென்ஷன்ல நிக்கும்போது அது காதுக்குள்ள போனாலும் தட்டக்கூடாது. பேட்டி கொடுக்கறவங்க துப்பாக்கியை விட இந்த பூச்சியைப் பத்தி அதிகம் பேசறாங்க, சத்தியமா.

கேஸ் சேம்பர் கதை பெரும்பாலும் எந்த படைன்னாலும் உண்டு. கண்ணீர்ப்புகை நிரம்பின அறைக்குள்ள மாஸ்க் போட்டு அனுப்பி, உள்ள போனதும் கழட்டச் சொல்வாங்க. வெளிய வரும்போது மூக்கு கண்ணு வாய் எல்லா பக்கமும் ஒழுகும். அதை சொல்லும்போது எண்பது வயசு ஆளு சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார்.

ஏன் இது மட்டும் இவ்வளவு தெளிவா நிக்குதுன்னு யோசிச்சேன். வயசானவங்களை வாழ்க்கையில நடந்ததை சொல்லச் சொன்னா பத்து வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததுதான் அதிகமா வெளிய வரும்னு உளவியல்ல ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்காங்க, பூட் கேம்ப் போறது பதினெட்டு பத்தொன்பதுல, அதனால நடு மையத்துல விழுது. சரிதான். ஆனா அது மட்டும் காரணம்னு எனக்குத் தோணல, ஏன்னா சண்டைக்குப் போனதும் அதே வயசுலதானே. டிரெயினிங் கதையை பேத்தி முன்னாடி சொல்லலாம், அதுதான் விஷயம்னு நினைக்கிறேன். அதுல வில்லன் உண்டு, அடி உண்டு, கடைசில எல்லாரும் பாஸ் ஆகி யூனிஃபார்ம் போட்டு போட்டோ எடுத்துக்குவாங்க. மத்ததுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது.

இதுல ஒரு தமாஷ், எல்லாருக்கும் தன்னோட காலம்தான் கஷ்டமான காலம். நாற்பதுகள்ல சேர்ந்தவர் அறுபதுகள்ல சேர்ந்தவனை கிண்டல் பண்ணுவார், அவன் இப்ப சேர்றவனை. பாரிஸ் ஐலண்ட் ஆளுங்க ஹாலிவுட் இருக்கற கலிஃபோர்னியாவுல, சான் டியாகோ முகாம்ல டிரெயினிங் எடுத்தவங்களை ஹாலிவுட் மெரைன்னு ஓட்டுவாங்க, உங்களுக்கு கூலிங் கிளாஸ் கொடுத்தாங்களாமேன்னு. கணக்கு பார்த்தா வியட்நாம் சமயத்துல ஆள் தேவைன்னு மெரைன் டிரெயினிங்கை எட்டு வாரமா சுருக்கினாங்க, இன்னிக்கு அது பதிமூணு வாரம், அதோட 1996ல இருந்து கடைசில 54 மணி நேரம் சரியா சோறு தூக்கம் இல்லாம ஓட விடற ஒரு பரீட்சை வேற. ஆனா எட்டு வாரக்காரன் அதை முடிச்சு கொஞ்ச நாள்ல நேரா சண்டைக்குப் போனான், அதை எந்த கணக்குல சேர்க்கிறது?

சிரிப்புக்குள்ள மறைஞ்சு போற சமாச்சாரமும் இருக்கு. வயித்துல குத்தினாங்க, தலையில அடிச்சாங்கன்னு சொல்லிட்டு அதுக்கும் சிரிக்கிறாங்க, அது இல்லன்னா நான் உயிரோட வந்திருக்க மாட்டேன்னும் சொல்றாங்க. எனக்கு இதை முழுசா ஏத்துக்க முடியல. 1956 ஏப்ரல் 8 ராத்திரி அதே பாரிஸ் ஐலண்ட்ல ஒரு இன்ஸ்ட்ரக்டர் தன் பிளட்டூனை (பயிற்சிக் குழு) தண்டனை மாதிரி ரிப்பன் கிரீக்கங்கற ஓடைக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போனார், ஆறு பசங்க மூழ்கிச் செத்தாங்க. ராணுவ கோர்ட் விசாரணை வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம்தான் இன்ஸ்ட்ரக்டர்களை மேற்பார்வை பண்றதுல நிறைய மாத்தினாங்க. அந்த ஆறு பேரும் பேட்டி கொடுக்க இல்லையே. நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க எல்லாம் கரையேறினவங்கதான்.

மான்ட்ஃபோர்ட் பாயிண்ட் ஆளுங்க பேட்டியை மட்டும் நான் தொடர்ந்து கேக்க முடியாம நடுவுல நிறுத்தி நிறுத்தி கேட்டிருக்கேன். 1942ல இருந்து 1949 வரைக்கும் மெரைன்ல கறுப்பினத்தவங்களுக்குன்னு தனி முகாம், நார்த் கரோலினாவுல கேம்ப் லெஜூன் பக்கத்துல, கிட்டத்தட்ட 20,000 பேர் அங்க பயிற்சி எடுத்தாங்க. பக்கத்துல இருக்கற பெரிய முகாமுக்குள்ள ஒரு வெள்ளைக்கார மெரைன் கூட வந்தாத்தான் காலே வைக்க முடியும். முதல்ல இன்ஸ்ட்ரக்டர்களும் வெள்ளைக்காரங்க, அப்புறம் இவங்கள்ல இருந்தே ஆள் எடுத்து போட்டாங்க, வந்தவங்க முன்னாடி இருந்தவங்களை விட கடுமையா இருந்தாங்களாம், நீ ஃபெயில் ஆனா உன்னோட போகாது, நம்ம எல்லாரையும் சேர்த்து சொல்லுவான்னு. இவங்களும் மணல், பூச்சி, ஓட்டம்னுதான் சொல்றாங்க, ஆனா கதையோட எடை வேற. காங்கிரஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது 2012ல, அதுக்குள்ள எத்தனை பேர் போயிட்டாங்க.

தாத்தா கதைதானே, அரசாங்க ரெக்கார்டுல எல்லாம் இருக்கும்னு யாராவது சொன்னா இதையும் கேட்டுக்கோங்க. செயின்ட் லூயிஸ்ல இருக்கற ராணுவப் பணி ஆவணக் காப்பகத்துல 1973 ஜூலை 12ல தீ பிடிச்சு ஆறாவது மாடி எரிஞ்சு போச்சு. ஒண்ணரை கோடிக்கும் மேல ஃபைல் சாம்பல், 1912ல இருந்து 1960க்குள்ள ஆர்மியை (தரைப்படை) விட்டு வந்தவங்களோடதுல சுமார் 80 சதவீதம். காப்பி கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது, என்னென்ன எரிஞ்சுச்சுன்னு லிஸ்ட் கூட கிடையாது. அதாவது ரெண்டாம் உலகப் போர்லயும் கொரியாவுலயும் ஆர்மில சண்டை போட்டவன்ல பெரும்பாலானவனுக்கு நான் அங்க இருந்தேன்னு நிரூபிக்க மூல ஃபைலே இல்ல. அப்படிப்பட்டவங்க மருத்துவ உதவியோ இழப்பீடோ கேட்டு வந்தா, முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறைல வேற சான்றுகளை ஏத்துக்கறாங்க. கூட இருந்தவன் எழுதிக் கொடுக்கற வாக்குமூலம், அப்ப எடுத்த போட்டோ, அப்ப எழுதின லெட்டர். பக்கத்து பங்க்ல படுத்தவன் பேரையும் ஊரையும் ஞாபகம் வச்சிருந்தவனுக்கு அது வெறும் மலரும் நினைவு இல்ல, அவனைத் தேடிப் பிடிச்சு கையெழுத்து வாங்கணும். முகாம்ல இருந்து பூச்சி கடிக்குது, கால் வலிக்குதுன்னு புலம்பி எழுதின கடுதாசியை அம்மாவோ பொண்டாட்டியோ டிரங்குப் பெட்டியில போட்டு வச்சிருந்தா, அதையும் எடுத்துட்டுப் போய் கவுன்ட்டர்ல கொடுக்கலாம்.