லைசென்ஸ் முடிகிற தேதி

சைபர் பாதுகாப்பு வேலை என்று சொன்னதும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ஹேக்கர்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்? தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு சரக்குக் கம்பெனியில் இந்த வேலையைப் பார்க்கிறேன், பிடிப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. என் நேரத்தில் பெரும்பகுதி பட்டியல்களில் போகிறது. எந்த லைசென்ஸ் எப்போது முடிகிறது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடியாயிற்றா, எந்த சர்வருக்கு ஓட்டையை அடைக்கும் பேட்ச் இன்னும் போடவில்லை, எந்தக் கிளையில் யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கிறது. கேட்பவர்களுக்கு இதில் சுவாரசியம் இல்லைதான். ஆனால் இந்த நாட்டில் நடந்த தாக்குதல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது இந்தப் பட்டியல் சமாச்சாரத்தைத்தான்.

2021 செப்டம்பர் 6 அன்று தென்னாப்பிரிக்க நீதித்துறையின் கணினிகளை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள், முடக்கியது. மின்னஞ்சல் போனது, இணையதளம் போனது, அதைவிடக் கொடுமை, பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த ஜீவனாம்சப் பணம் தாமதமானது. பின்னால் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தபோது வெளியே வந்த விஷயம்தான் என்னை உலுக்கியது. ஆன்டிவைரஸ், ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள், கணினிகளின் நடவடிக்கைப் பதிவுகளான லாக்குகளைத் திரட்டிக் கண்காணிக்கும் மென்பொருள், இந்த மூன்றின் லைசென்ஸும் 2020-லேயே முடிந்திருந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. புதுப்பித்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று ஆணையம் கெடு வைத்தது, கெடு தாண்டியும் வரவில்லை என்று 2023 ஜூலையில் 50 லட்சம் ரேண்ட் அபராதம் போட்டது. அந்த அலுவலகத்தில் என்னைப் போல ஒருவர் இருந்திருப்பார், லைசென்ஸ் முடியப்போகிறது என்று மின்னஞ்சல் எழுதிக்கொண்டே இருந்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஏன் புதுப்பிக்காமல் விடுகிறார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். பெரும்பாலான மென்பொருளுக்கு விலை டாலரில். ரேண்ட் சரிந்தால் போன வருடம் கட்டிய அதே லைசென்ஸுக்கு இந்த வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும், நிதிப் பிரிவு அதைப் பார்த்ததும் கோப்பை ஒதுக்கி வைக்கும், மூன்று கொட்டேஷன் கேட்கும், அப்புறம் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருப்பார். லைசென்ஸ் முடிந்த மறுநாள் எதுவும் நடக்காது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. எல்லாம் வழக்கம்போல ஓடும். அடுத்த மாதமும் ஓடும். அவசரம் இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நம்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

டர்பன்காரர்களுக்கு 2021 ஜூலையை மறக்க முடியாது. மாதத்தின் நடுவில் கலவரம், கொள்ளை, ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது. அது அடங்கி லாரிகள் மறுபடி நகர ஆரம்பித்த நேரத்தில், 22-ஆம் தேதி, டிரான்ஸ்நெட் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. நாட்டின் கன்டெய்னர் போக்குவரத்தில் பாதிக்கும் மேல் கையாளும் துறைமுகம் இது, கன்டெய்னர் முனையங்களை நடத்துவது அந்த நிறுவனம். தங்கள் சக்திக்கு மீறிய நிலைமை, ஒப்பந்தப்படி செய்து முடிக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிட்டுக் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் கம்பெனியின் கணினிகளில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் ஒரு பெட்டியை வெளியே எடுக்க வழியில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் நிலைமை சீரானது.

அந்த வாரம் நிர்வாகம் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்: வெளி நிறுவனங்களோடு நமக்கு எத்தனை இணைப்புகள் இருக்கின்றன, எதையெல்லாம் உடனே துண்டிக்கலாம்? என் குழுவில் இருந்த ஒரு ஜூலு தம்பி, ரொம்ப அமைதியானவர், யாரும் சொல்லாமலே ஒரு எக்செல் தாளில் அதை எழுதி வைத்திருந்தார். இணைப்பின் பெயர், எந்தத் திசையில் தரவு போகிறது, அந்தப் பக்கம் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த நிறத்துக் கேபிள் எந்த போர்ட்டில் என்பது வரை. அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் சுவிட்ச் முன்னால் நின்று ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். பல லட்சம் கொடுத்து வாங்கிய கருவி எதிலும் அந்தத் தகவல் முழுதாக இல்லை.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாட்டின் பாதுகாப்பு வேலையைப் பற்றி எழுத முடியாது. மின்வெட்டின் கடுமையை இங்கே நிலை எண்ணால் சொல்வார்கள், 2023-ல் நிலை 6 வரை போனது, ஒரே நாளில் பல தடவை இரண்டு இரண்டு மணி நேரமாகக் கரண்ட் போகும். தரவு மையங்களுக்கு ஜெனரேட்டர் உண்டு, சரி. பாதிக்கப்படுவது சின்னக் கிளை அலுவலகங்கள். பேட்டரி தொடர்ந்து இப்படிக் காலியானால் சீக்கிரமே செத்துவிடும். வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் பயர்வால் அணைந்துபோகும். அங்கே இருக்கும் மேலாளருக்கு அன்று மாலைக்குள் ஆவணங்களை அனுப்பியாக வேண்டும், அவர் பக்கத்துக் கடையில் ஒரு சிம் ரௌட்டர் வாங்கி வந்து அலுவலகக் கணினிகளை அதில் மாட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, வேலையை முடிக்கத்தான் அப்படிச் செய்தார். ஆனால் கரண்ட் வந்த பிறகும் அந்த ரௌட்டர் அங்கேயே இருக்கும், பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கும் அதே பாஸ்வேர்டோடு. கிளைகளுக்குப் போகும்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது மேஜைக்கு அடியில்தான்.

இன்னொரு சிக்கல், எங்கள் கண்காணிப்புத் திரையில் வரும் அலர்ட். கரண்ட் போனால் ஒரு கிளையின் கணினிகள் மொத்தமாக மறைந்துவிடும், திரை முழுக்கச் சிவப்பு. தாக்குகிறவர்கள் பல நேரம் முதலில் செய்வதும் பாதுகாப்பு மென்பொருளை அணைப்பதுதான், அதுவும் திரையில் அதே மாதிரிதான் தெரியும். இரவு ஷிப்டில் இருக்கும் பையன் சும்மா மின்வெட்டு என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவான், அவன்மேல் தப்பில்லை. அதனால் மின்வெட்டு நேரங்களைச் சொல்லும் எஸ்கொம் சே புஷ் செயலியின் அட்டவணையை எங்கள் கண்காணிப்புத் திரையோடு இணைத்தோம். அட்டவணைப்படி கரண்ட் போக வேண்டிய பகுதியில் மறைந்தால் மஞ்சள், அட்டவணையில் இல்லாத நேரத்தில் மறைந்தால் சிவப்பு, அப்போது யாரையாவது எழுப்ப வேண்டும். 2024 மார்ச் கடைசியிலிருந்து பல மாதம் மின்வெட்டே இல்லாமல் இருந்தபோதும் அந்த இணைப்பை நாங்கள் எடுக்கவில்லை.

பணம் போவது பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகத்தான். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் கட்டுங்கள் என்று சப்ளையர் பெயரில் கடிதம் வரும், வங்கி முத்திரையோடு அசல் மாதிரியே. எங்கள் கணக்குப் பிரிவில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா இருக்கிறார். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு, ஒவ்வொரு சப்ளையருக்கும் யாரிடம் பேச வேண்டும், என்ன எண் என்று தன் கையால் எழுதி வைத்திருப்பார், ஆள் மாறினால் அடித்து எழுதித் தேதி போடுவார். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடவே மாட்டார். நோட்டில் இருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் இருந்தவர், நாங்கள் கணக்கை மாற்றவே இல்லையே என்று பதறியிருக்கிறார். அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து காகிதத்தை நீட்டி, "தம்பி, இது உங்க டிபார்ட்மென்ட்" என்றார்.

அதே மோசடியில் சிக்கி, வீடு வாங்கப் போன ஒரு பெண்மணி 55 லட்சம் ரேண்டைத் திருடன் கணக்கில் கட்டிவிட்டு, பத்திரம் பதிவு செய்த வழக்கறிஞர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது இங்கே பெரிய செய்தி. 2023-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2024 ஜூனில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது, சரிபார்த்துத் தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கே வழி இருந்தது என்று. முன்பணம் கட்டும்போது அவர் போன் செய்து சரிபார்த்திருந்தார். பெரிய தொகை கட்டும்போதுதான் அது நடக்கவில்லை. இந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு அக்காவின் நோட்டை ஸ்கேன் செய்து பூட்டி வைக்கச் சொன்னேன், புதிதாகச் சேர்ந்த இரண்டு கணக்கர்களை அவர் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

பேக்கப் விஷயத்தில் நான் யார் பேச்சையும் நம்புவதில்லை. 2024 ஜூன் 22 அன்று தேசிய சுகாதார ஆய்வகச் சேவையைத் தாக்கியவர்கள் பேக்கப்பையும் சேர்த்து அழித்தார்கள். ஆய்வகங்களில் ரத்தத்தைச் சோதிக்க முடிந்தது, முடிவை அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடியவில்லை, அவசரம் என்றால் போனில் படித்துச் சொன்னார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பேக்கப்பில் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு தொடர்பில்லாமல் தனியாக இருக்கிறது, அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகைக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆட்கள் நிலைப்பதில்லை. நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை பவுண்டில், திர்ஹாமில் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள், போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த எக்செல் தாள் தம்பியும் போய்விட்டார். போவதற்கு முன் தாளைக் குழுவின் பொது இடத்தில் வைத்து, யார் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பத்தியும் சேர்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பத்தியிலிருந்துதான் எங்கள் மாத அறிக்கை மாறியது. முன்பெல்லாம் முதல் பக்கத்தில் எத்தனை தாக்குதல்களைத் தடுத்தோம் என்ற பெரிய எண் இருக்கும், இயக்குநர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். இப்போது முதல் பக்கத்தில், வருகிற மூன்று மாதத்தில் எதெல்லாம் முடிகிறது, கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று மட்டும் இருக்கிறது. நிதி இயக்குநர் தன் பெயரை அங்கே பார்த்த முதல் மாதம் கொஞ்சம் கோபப்பட்டார், ஆனால் அந்த வாரமே கையெழுத்து வந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலை மனிதவளப் பிரிவு இன்னும் தாமதமாகத்தான் தருகிறது, அடுத்த கூட்டத்தில் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.