முதற்பால் முதலில்

தாய்லாந்துப் பச்சைக் கறிக்கு வேண்டிய சாமான் முக்கால்வாசி கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கிறது. பச்சை மிளகாய், உள்ளி, சின்ன வெங்காயம், எலுமிச்சம்புல், வேரோடு கொத்தமல்லித் தழை. அந்த வேரை வெட்டி எறியாதீர்கள், இவற்றை அரைத்தெடுக்கும் விழுதின் வாசமே அதில்தான். எலுமிச்சம்புல்லில் அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதி மட்டும் போதும்; மேலே உள்ளது வெறும் நார், எவ்வளவு அரைத்தாலும் பல்லில் அகப்படும். (தேநீருக்கு வைத்துக்கொள்ளலாம்.) பேரரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சி. வாசம் வேறுதான், பரவாயில்லை.

சமைக்கும் முறைதான் எங்களுக்குத் தலைகீழ். நாங்கள் தேங்காயின் இரண்டாம் பாலில் மரக்கறியை அவியவிட்டு, கெட்டியான முதற்பாலைக் கடைசியில் விட்டு இறக்குவோம். அவர்கள் முதற்பாலைத்தான் முதலில் சட்டியில் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை வற்றவிட்டு, அந்த எண்ணெயிலேயே விழுதை வதக்குகிறார்கள். பைக்கற் பால் சிலதில் எண்ணெய் இலேசில் பிரியாது, தேங்காய் துருவிப் பிழிவதே நல்லது.

எட்டிப் பார்த்த மாமி, "ஐயோ பிள்ளை, பால் திரைஞ்சு போச்சு!" என்று அடுப்பை நிற்பாட்டவே வந்துவிட்டார்.

அப்புறம் இரண்டாம் பால், கத்தரிக்காய், பயற்றங்காய். வெள்ளிக்கிழமை என்பதால் மீன் சோஸ் இல்லை. உப்பும் கொஞ்சம் சீனியும். இறக்கும்போது அவர்கள் ஒருவகைத் துளசி போடுவார்கள். முற்றத்துத் துளசியில் கை வைக்க மாமி விடவில்லை.

இடியப்பத்தோடு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். உறைப்புக் காணாதாம்.