ஆம்ரபாலியின் அந்தரியம்: தைக்காமல் கட்டிப் பார்த்த ஆறு வாரங்கள்

லேக் தாண்டன் இயக்கத்தில் 1966இல் வெளிவந்த ‘ஆம்ரபாலி’ என்ற இந்திப் படத்தில் வைஜெயந்திமாலா அணிந்து ஆடும் உடையை, தையல் இயந்திரத்தைத் தொடாமல், வெட்டாத துணியைக் கொண்டே கட்டிவிட முடியுமா என்று பார்க்கும் ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. என் தங்கை மகள் பரதம் பயில்கிறவள். கட்டிக்கொண்டு ஆடிக் காட்ட அவள் ஒப்புக்கொண்டதால், ஆறு வாரங்களுக்கு முன்பு வேலையைத் தொடங்கினேன். இதுவரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் படத்துக்கு உடை அமைத்தவர் பானு அதையா. மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்ற அவர், பின்னாளில் ‘காந்தி’ படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். ‘ஆம்ரபாலி’க்காக அவர் அஜந்தா ஓவியங்களைப் பார்த்துப் பயின்றே உடைகளை வடிவமைத்தார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது ஓவியன் கண் அதில் இருப்பது தெரிகிறது: தோள் மறைக்காத கச்சு, இடுப்பில் தாழக் கட்டிய அந்தரியம் என்ற கீழாடை, அதன் மேல் இடைக்கச்சை, மேல்கையில் வங்கி என்ற அணி, இவற்றுக்கு மேல் காற்றில் அலையும் மெல்லிய உத்தரீயம். இன்றுவரை பழங்கால நாட்டியப் பெண் என்றாலே இந்தி சினிமாவில் இந்த உருவம்தான் வந்து நிற்கிறது.

ஆனால் காலக் கணக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தின் பின்னணியான, மகத மன்னன் அஜாதசத்ருவும் வைசாலியை ஆண்ட லிச்சவிகளும் மோதிய கதை, புத்தர் வாழ்ந்த காலத்தைச் சேர்ந்தது. அஜந்தாவில் புகழ்பெற்ற 1ஆம், 17ஆம் குகைகளின் ஓவியங்களோ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. பார்ஹுத், சாஞ்சி ஆகிய பழைய பௌத்தத் தூபிகளின் சிற்பங்கள்கூட அஜாதசத்ருவுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவைதாம். ஆகவே ‘உண்மையான வைசாலி உடை’ என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அஜந்தா ஓவியம் காட்டும் கட்டு, படம் காட்டும் அசைவு, இவை இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அஜந்தாக் காலத்தில் தைத்த உடையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1ஆம் குகையின் மகாஜனக ஜாதக ஓவியத்தில் நடுவில் ஆடுகிற பெண்ணே நீளக் கை வைத்துத் தைத்த மேலாடைதான் அணிந்திருக்கிறாள். நான் முயன்றது தைக்காத வகையை.

முதல் வாரம் வீட்டில் இருந்த ஒன்பது கஜப் பருத்திப் புடவையை எடுத்துத் தார்பாய்ச்சிக் கட்டிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றித் துணி மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. அஜந்தாவில் துணி தொடையோடு ஒட்டிக் கிடக்கிறது. எனவே 44 அங்குல அகல மல் என்ற மெல்லிய பருத்தித் துணியில் நான்கரை மீட்டர் வாங்கினேன். எடை ஏறக்குறைய 300 கிராம்.

சாயம்தான் அதிக நாளை விழுங்கியது. கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, பிறகு 45 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டு எடுத்து, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரின் பொடி 150 கிராமில் சாயம் ஏற்றினேன். கவனம் சிதறி அடுப்பைப் பெரிதாக விட்டதில் பாத்திரம் தளதளவென்று கொதித்துவிட்டது. மஞ்சிட்டி கொதித்தால் சிவப்பு மங்கிப் பழுப்பு ஏறிவிடும் என்பதை நனைந்த செங்கல் நிறத்தில் வெளிவந்த துணியைப் பார்த்தே அறிந்தேன். இரண்டாம் துணிக்குச் சிறு தீயில் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலாக ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட்டேன். காலையில் நல்ல காவிச் சிவப்பு கிடைத்தது. அதை உதறி விரித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நீங்கவில்லை.

அஜந்தா அந்தரியங்களில் தொடையைச் சுற்றிக் கோடுகள் ஓடும். அதற்காக, சாயம் ஏற்றுவதற்கு முன்பே துணியைக் கொசுவி, நான்கு அங்குலத்துக்கு ஒரு கட்டாக நூலால் இறுக்கியிருந்தேன். முழுத் துணியையும் ஒரே கொத்தாகக் கட்டிய முதல் முறை உள்மடிப்புகளுக்குள் சாயம் புகவில்லை; மூன்று கொத்துகளாகப் பிரித்துக் கட்டிய இரண்டாம் முறை கோடுகள் ஓரம் கலங்கினாலும் தெளிவாகவே விழுந்தன.

இனி கட்டு. துணியின் நடுப்பகுதியை முதுகுப்புறம் வைத்து, இரு பக்கத்தையும் முன்னால் கொண்டுவந்து, மேல் ஓரங்களைத் தொப்புளுக்குக் கீழே முடிச்சிட வேண்டும். ஒரு தலைப்பைக் கொசுவிக் கால்களுக்கு இடையே கொடுத்துப் பின்னால் செருக வேண்டும். மற்றதை விசிறிபோல் மடித்து முன்னால் செருக வேண்டும். நிற்கும்போது எல்லாம் அழகாகவே இருந்தது. அவள் அரைமண்டியில் அமர்ந்ததுமே, “பெரியம்மா, பின்னாடி அவிழுது!” என்று கத்தினாள். முழங்கால் மடிந்து விரியும்போது கால்களுக்கு இடையே துணி கூடுதலாகத் தேவைப்படுகிறது. நின்ற நிலையில் இறுக்கிச் செருகிவிட்டால் அந்தக் கூடுதல் நீளத்தைச் செருகலிலிருந்துதான் அது இழுத்துக்கொள்ளும். மறுமுறை அவளை அரைமண்டியிலேயே இருக்கச் சொல்லிப் பின்செருகலைச் செருகினேன். எழுந்து நின்றபோது துணி சற்றே தொய்ந்தது, ஆனால் அவிழவில்லை. அந்தத் தொய்வில் கணுக்காலருகே விழுந்த மடிப்பு ஓவியத்தில் உள்ளதுபோலவே இருந்தது.

இடைக்கச்சையை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடைசியில் தளர்வாகச் சுற்றி வந்தேன், அது தவறு. இரண்டரை மீட்டர் துணியை நான்காக மடித்து, பின்செருகலின் மேல் அழுத்திக் கொண்டுவந்து, முன்னால் முடிந்து, இரு தலைப்புகளையும் தொங்கவிட்டால், முழு உடையையும் தாங்குவது அதுதான் என்பது ஆடுகிறவளுக்கு உடனே தெரிகிறது. கச்சுக்குக் கீழே உடல் நிற ரவிக்கை போட்டுக்கொண்டாள்; அதில் நான் தலையிடவில்லை.

இப்போது எஞ்சியிருப்பது சுழற்சி. படத்தின் நடனங்களை அமைத்தவர் கதக் கலைஞர் கோபி கிருஷ்ணா. பரதத்தில் ஊறிய வைஜெயந்திமாலாவின் உடல் அவர் கற்பனைக்கு ஏற்பச் சுழல்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சென்ற ஞாயிறு எங்கள் கூடத்தில் தங்கை மகள் அதுபோலச் சுழன்று பார்த்தாள். பின்செருகல் நின்றது. முன்விசிறி மூன்றாம் சுற்றில் வெளியே வந்துவிட்டது. முன்மடிப்பை இடைக்கச்சையின் முடிச்சுக்குள்ளேயே சேர்த்து முடிந்து, அதன் மேல் கனமான மணிமேகலை ஒன்றைக் கட்டுவதாக இருக்கிறேன். அதற்கு வேண்டிய மணிகளை நேற்றுதான் கோக்கத் தொடங்கினேன்.