முருகன் மேல் விழுந்த பேட்டரிப் பழி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மோட்டார் ஹோம் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பழைய பள்ளிக்கூட வேனில் கட்டில், அடுப்பு, ஐஸ்பெட்டி, கட்டிலுக்கடியில் 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று, அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போய் மீன் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை 12.7 வோல்ட்டில் விட்டுவிட்டுப் போகிற பேட்டரி வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் 11இல் கிடக்கும். ஐஸ்பெட்டி மேல் சந்தேகப்பட்டு அதைக் கழற்றினேன். அப்புறம் பேட்டரி மேலேயே சந்தேகப்பட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடை முதலாளி தவுக்கே சோதித்துப் பார்த்துவிட்டு "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, உங்க வேன்தான் குடிக்குது" என்று அனுப்பிவிட்டார்.

சரி, நாமே பார்ப்போம் என்று மல்டிமீட்டர் வாங்கி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோர்த்தேன். தொட்டதும் சின்னதாக ஒரு பொறி, மீட்டர் பியூஸ் போச்சு. ரெண்டாவது பியூஸும் போனபிறகுதான் பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டரை ஓட்டியவர், ராத்திரி மணியடித்த மாதிரி தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்க லைட்டை அணைத்தவர், கரண்ட் வீணாவதைப் பார்த்தால் அவருக்கு இன்னமும் தூக்கம் வராது.

அவர் முதலில் ஒரு வயரைக் குறுக்கே போட்டுவிட்டு, மீட்டரை வைத்தபிறகு அதை எடுத்தார். பொறியில்லை. மீட்டரில் 1.3 ஆம்பியர். நான் பியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், கடைசி பியூஸைப் பிடுங்கியும் அதே 1.3.

"பெட்டிக்குப் போகாத வயர் ஒண்ணு இருக்கணும் தம்பி" என்று பேட்டரியிலிருந்து கிளம்பிய தடித்த சிவப்பு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். இன்வெர்ட்டர், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி. பேட்டரியில் நேராக மாட்டினது. அதிலிருந்து ஒரு வெள்ளை வயர் மேல் அலமாரிக்கு ஏறியது. கதவைத் திறந்தால் முருகன், முன்னால் 3 வாட் எல்இடி விளக்கு, ஜெகஜ்ஜோதியாக!

அம்மா. மீன் சுடுகிற வண்டியில் சாமியை வெளியே வைக்கக் கூடாதாம், அதனால் உள்ளே வைத்துக் கதவையும் சாத்தியிருக்கிறார். பேட்டரி இறங்கினதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், அதனால் வெள்ளிக்கிழமை நான் தலையை விட்டபோதெல்லாம் அலமாரி இடுக்கில் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லை.

"சாமி விளக்காலதான் எல்லாம்" என்று அம்மாவிடம் கொதித்தேன். மாமா குறுக்கே வந்தார். விளக்கு குடிப்பது கால் ஆம்பியர்தானாம், மிச்சம் ஒரு ஆம்பியர் இன்வெர்ட்டர் சும்மா உட்கார்ந்து தின்கிற சாப்பாடாம். ஒரு நாளைக்கு 31 ஆம்பியர்-ஹவர், மூணே நாளில் பேட்டரி காலி.

இப்போது விளக்கு நேராக 12 வோல்ட்டில், கூரையில் சின்ன சோலார் தகடு, இன்வெர்ட்டர் ஆஃப். அம்மா மட்டும் இரண்டு வாரமாக வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதை:

"முருகன்மேல பழி போட்டான். கடைசியில பாரு, அந்தச் சோம்பேறிப் பெட்டிதான்!"