ஸ்டேஜ் 1 மூடுவதற்குள்

அக்டோபர் 21

ஜிசிசி கம்பைலரின் 68k போர்ட்டுக்கு (மோட்டோரோலா 68000 குடும்பச் சிப்புகளுக்கான பகுதி) எழுதிய பேட்ச், அதாவது திருத்தம், போய்விட்டது. ஸ்டேஜ் 1, புது மாற்றங்களை வாங்கும் கட்டம், மூடுவதற்குள் ஏற்றாக வேண்டும். இனி காத்திருப்புதான்.

அக்டோபர் 22

பதில் இல்லை. ஒரே நாளில் வராது, தெரியும். ஆனாலும் எழுந்ததும் அதைத்தான் பார்த்தேன்.

அக்டோபர் 24

இன்றைக்கும் ஒருவர் கேட்டுவிட்டார்: "இதையெல்லாம் இன்னும் யாருங்க பயன்படுத்துறாங்க?" 68000 வந்தது 1979-இல். கேள்வி நியாயம்தான், பதில் சொல்லத்தான் எரிச்சலாக இருக்கிறது. சிப் பழசானதால் ஒரு போர்ட் செத்து நான் பார்த்ததில்லை. 1990-இல் 68040 என்ன செய்ததோ அதையேதான் இன்றும் செய்கிறது. மாறுவது கம்பைலரின் நடுப்பகுதி. யாரோ அங்கே பழைய பகுதியைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைப்பார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். அதற்குத் தக்கபடி போர்ட்டை மாற்றித் தர ஆள் இல்லையென்றால் கதை முடிந்தது.

சிசி0 விஷயத்தில் அதுதான் நடந்தது. கண்டிஷன் கோடுகளைக் கையாளும் அந்தப் பழைய முறையை எடுக்கப் போகிறோம் என்றார்கள். 68k பிழைத்தது, 2019 கடைசியில் பலர் சேர்ந்து பணம் போட்டு ஒருவரைச் செய்ய வைத்ததால். வாக்ஸ் என்ற பழைய கணினிகளுக்கும் ஒருவர் கிடைத்தார். சிஆர்16 சிப்புக்கு யாரும் வரவில்லை. அது இப்போது இல்லை.

இப்போது ரீலோட்: ரெஜிஸ்டர்களை (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) ஒதுக்கும் வேலையின் பழைய பகுதி. அதன் இடத்தில் எல்ஆர்ஏ என்ற புதியது வருகிறது, என் பேட்ச் 68k-ஐ அதற்கு மாற்றத்தான்.

அக்டோபர் 25

ஒன்றுமில்லை.

அக்டோபர் 28

குவாட்ரா 700-ஐ, 68040 உள்ள என் பழைய ஆப்பிள் பெட்டியை, போட்டேன். பேட்டரி போனதால் கடிகாரம் 1904-க்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோப்புகளெல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை என்று மேக் புலம்பல். (புரோகிராம் கட்டும் மேக். இந்தப் பெட்டியும் மேக்தான், என்ன செய்ய.) தேதியைக் கையால் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். கெப்பாசிட்டர்களை மாற்றியாக வேண்டும், கசிய ஆரம்பித்தால் போர்டையே அரித்துவிடும்.

கம்பைலரை இதில் கட்டுவது நடக்காத காரியம். 25 மெகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 68 எம்பி நினைவகம். வேறு மெஷினில் கிராஸ் கம்பைல், டெஸ்டுகள் க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டரில் (சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள்), சந்தேகப்படுகிறவை மட்டும் இங்கே. ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்றால் நான் எமுலேட்டரை முழுசாக நம்புவதில்லை. 68040 சைன், கொசைன் கட்டளைகளை வன்பொருளிலிருந்தே எடுத்துவிட்டது. அவை வந்தால் ட்ராப் ஆகி (சிப் வேலையை நிறுத்தி கெர்னலிடம் கொடுத்து), கெர்னலில் இருக்கும் மென்பொருள்தான் கணக்குப் போடும். அந்த வழி முழுக்க ஓடுகிறதா என்பதை நிஜ சிப்பில்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 31

இரவு மூன்று மணி. தூக்கம் வரவில்லை.

இந்த சிப்பில் பதினாறு ரெஜிஸ்டர் என்று சொல்வது ஏமாற்று. எட்டு டேட்டாவுக்கு, எட்டு அட்ரஸுக்கு. பெருக்கல் டேட்டா ரெஜிஸ்டரில்தான் நடக்கும். நினைவகத்தைத் தொட அட்ரஸ் ரெஜிஸ்டர் வேண்டும். அந்த எட்டில் ஏ7 ஸ்டாக்குக்குப் போனது. ஏ6 ஃப்ரேமுக்கு. ஷேர்டு லைப்ரரி என்றால் ஏ5-உம் போச்சு. மிச்சம் ஐந்து. ஒரு லூப்பில் நாலைந்து பாயிண்டர் (நினைவக முகவரி) ஓடினால் அட்ரஸ் பக்கம் இடமே இல்லை, டேட்டா பக்கம் பாதி சும்மா கிடக்கும். அதற்கு மேல் ஆட்டோஇன்க்ரிமென்ட். படித்த கையோடு பாயிண்டரைத் தானே நகர்த்தும் அழகான அட்ரஸிங். ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டில் அதைப் பிரித்து எடுக்கும்போதுதான் சிக்குகிறது.

ரீலோடுக்கு இதெல்லாம் பழக்கம். படிக்கவே முடியாத கோடு, ஆனால் எல்லா மூலையிலும் யாரோ அடி வாங்கித் தெரிந்துகொண்டது இருக்கிறது. எல்ஆர்ஏ சுத்தமான கோடு. 2013-இல் 4.8-உடன் எக்ஸ்86-க்கு வந்தது. அங்கே வளர்ந்தது, இந்தப் பிரிவினை தெரியாது. "ஸ்பில் செய்ய (நினைவகத்துக்குத் தள்ளிக் காலி செய்ய) ரெஜிஸ்டர் இல்லை" என்று கையை விரித்துவிடுகிறது.

நவம்பர் 3

இன்டெலின் இடேனியம் சிப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜிசிசி 14-இல் காலாவதிப் பட்டியலில் போட்டார்கள். 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 அதைத் தூக்கியே விட்டது. அவ்வளவுதான் என்றிருந்தேன். ஒருவர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வந்தார், ஜிசிசி 15 அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒரே ஒருவர்!

அவருக்குக் காய்ச்சல் வந்தால்?

நவம்பர் 4

எனக்கு வந்தால்?

நவம்பர் 7

ஆல்பா என்ற இன்னொரு பழைய சிப்பைப் பார்த்துக்கொள்கிறவர் பேசினார். அவருக்கு என்னைவிட வயிற்றெரிச்சல். எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் தொகுப்பில் ஆல்பா ஒரு காலத்தில் இருந்தது, 2011-இல் எடுத்துவிட்டார்கள். ரஸ்ட் மொழி வேண்டுமென்றால் எல்எல்விஎம் வேண்டும். 2021-இல் பைத்தானின் கிரிப்டோகிராஃபி தொகுப்பு ரஸ்டுக்கு மாறிய அன்று அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதே வருஷம் 68k-க்கு மட்டும் எல்எல்விஎம்மில் இடம் கிடைத்தது. நான் சந்தோஷப்பட்டதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 9

"யாருக்குங்க இது?"

எனக்குங்க.

நவம்பர் 10

நேற்று எழுதியது திமிர். எனக்கு மட்டுமில்லை. லினக்ஸில் இந்த சிப்புக்கு இன்ட் (முழு எண்) இரண்டு பைட் எல்லையில் நிற்கும், மற்ற இடங்களில் நாலு. பாயிண்டரின் கடைசி இரண்டு பிட் எப்போதும் காலி என்று நம்பி அதில் குறி ஒளித்து வைக்கும் புரோகிராம்கள் இங்கே வந்துதான் விழுகின்றன. சி மொழி அப்படி ஒரு வாக்குறுதியே தந்ததில்லை. ஊரெல்லாம் ஒரே மாதிரி மெஷின் இருந்தால் இது யார் கண்ணில் படும்?

நவம்பர் 12

ஸ்டேஜ் 1 இந்த வாரம் மூடுகிறது. அப்புறம் பிழைத்திருத்தம் என்று வாதாடித்தான் உள்ளே போக வேண்டும்.

நவம்பர் 13

பதில் வந்துவிட்டது! ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. நாலு கேள்வி, மரியாதையாக, எல்லாமே சரியான கேள்விகள். பேட்சைச் சரிபார்க்கிறவர் இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்கிறார், ஆட்டோஇன்க்ரிமென்ட் தனியாக. முதல் கேள்விக்கே டம்ப் (கம்பைலர் என்ன செய்தது என்று காட்டும் பதிவு) எடுக்க வேண்டும். எல்ஆர்ஏ ஓடினாலும் டம்ப் கோப்பு இன்றும் ரீலோட் என்ற பெயரில்தான் விழுகிறது, யாரும் மாற்றவில்லை.

முதல் பாதி இன்றிரவே. டெஸ்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சி முடிந்தது, சி பிளஸ் பிளஸ் பாதியில்