அறுந்து கிடக்கும் கம்பி

மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு வரும் போன்களில் இரண்டு வகை உண்டு. "கரண்ட் இல்லை" என்பது ஒன்று. "கம்பி அறுந்து கிடக்கு" என்பது இன்னொன்று. முதல் வகைக்கு வரிசைப்படி ஆள் அனுப்புவோம். இரண்டாவது வந்துவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் லைன்மேனும் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி ஃபீடரை (அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனை) நிறுத்துவதும், போன் செய்தவரிடம் "யாரையும் கிட்டப் போக விடாதீங்க, நாங்க வர்ற வரைக்கும் அங்கேயே நில்லுங்க" என்று கெஞ்சுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

நாகை, திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் உதவிப் பொறியாளராக நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறேன். மின்சாரம் கொடுப்பதும் கணக்கெடுப்பதும் வெளியே தெரிகிற வேலை. ஒரு ஊரில் ஒருவரும் மின்சாரம் தாக்கிச் சாகாமல் ஒரு மழைக்காலம் கழிவது வெளியே தெரியாத வேலை. அதற்காக நாங்கள் செய்தவற்றில் எது பலன் தந்தது என்று யோசித்தால், கருவிகளைவிட ஊரோடு பேசிய பேச்சுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கம்பி அறுந்தால் சப்ஸ்டேஷனில் தானாகவே டிரிப் ஆகிவிடும், அப்புறம் பயமில்லை என்று கிராமத்தில் நிறையப் பேர் நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். உயரழுத்தக் கம்பி ஈர வயலில் விழுந்தால் தரைக்குள் நிறைய மின்னோட்டம் பாயும். சப்ஸ்டேஷனில் காவல் இருக்கும் ரிலே என்ற கருவி அதை உணர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்துவிடும். அதே கம்பி காய்ந்த மணலிலோ, வேலிக்கருவை மேலோ, தார்ச்சாலையிலோ விழுந்தால் பாய்வது மிகச் சில ஆம்பியராக இருக்கலாம். பூமிக்குக் கசிவதைக் கண்டுபிடிக்கத் தனி ரிலே உண்டு. ஆனால் அதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கிறது. அந்த அளவைத் தொடாவிட்டால் அது அசையாது. கம்பி உயிரோடு கிடக்கும். எங்கள் கடற்கரை ஊர்களில் மேலே காய்ந்த மணல்தான் என்பதால் இந்த ஆபத்து எப்போதும் என் மனதில் இருக்கும்.

அறுந்த கம்பியின் இரண்டு முனைகளில், டிரான்ஸ்பார்மர் பக்கம் தொங்கும் முனையில் மின்சாரம் இருக்காது என்று விவரம் தெரிந்தவர்கள்கூடச் சொல்வார்கள். அது தப்பு. அறாமல் இருக்கும் மற்ற இரண்டு பேஸ் கம்பிகள் வழியாக டிரான்ஸ்பார்மர் சுருளுக்குள் போய் அந்த முனைக்கும் மின்சாரம் திரும்பி வரும். ஆளைக் கொல்ல அது போதும். ஆக, லைன்மேன் வந்து கம்பத்தில் உள்ள ஏபி சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் மாட்டிக் காட்டும்வரை எந்தக் கம்பியும் செத்த கம்பி இல்லை.

இதையெல்லாம் ஊருக்கு எங்கே போய்ச் சொல்வது? துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தோம். பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டால் ஆண்கள் நாலைந்து பேர் வருவார்கள், அவர்களும் சர்வீஸ் இணைப்பு பற்றி மனு கொடுக்க வந்தவர்களாக இருப்பார்கள். அப்புறம் லைன்மேன் ஒருவர்தான், "நூறு நாள் வேலை நடக்குற இடத்துக்குப் போலாம் சார்" என்றார். அந்த யோசனைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். காலையில் வேலைக்கு வந்த பெண்கள் வாய்க்கால் கரை மர நிழலில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். விடிகாலையில் மாடு ஓட்டிப் போகிறவர்கள், வயல் வரப்பில் முதலில் நடக்கிறவர்கள், ஈரத் துணியைக் கம்பிக் கொடியில் காயப்போடுகிறவர்கள் அவர்கள்தான். ஆபத்தின் பக்கத்தில் இருப்பவர்களிடம் நேராகப் பேச முடிந்தது.

அங்கே ஒரு அம்மா கேட்ட கேள்வியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ஒரு மழை நாளில் மரக்கிளை முறிந்து கம்பி அறுந்து விழுந்து, அவருடைய கறவை மாடு செத்துப் போயிருந்தது. "மாட்டுக்குப் பக்கத்துலதான் தம்பி நின்னேன். மாடு விழுந்துடுச்சு. எனக்கு கால்ல சுருக்குன்னு இருந்துச்சு, அவ்ளோதான். ஏன் தம்பி?"

குளத்தில் கல் எறிந்தால் அலை வட்டம் வட்டமாகப் பரவுவது போல, கம்பி விழுந்த இடத்திலிருந்து மண்ணுக்குள் மின்னழுத்தம் பரவுகிறது. நடுவில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. மாட்டின் முன்காலும் பின்காலும் அகன்று நிற்கின்றன. ஒன்று அதிக அழுத்தம் உள்ள இடத்தில், இன்னொன்று குறைந்த இடத்தில். அந்த வித்தியாசம் அதன் உடம்புக்குள் மின்னோட்டமாகப் பாய்கிறது, பாயும் வழியில் இதயமும் இருக்கிறது. அந்த அம்மா இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றிருந்தார். அதனால்தான் பிழைத்தார். ஓடியிருந்தால், எட்டி வைத்த ஒவ்வொரு அடியும் அவரை மாட்டின் நிலைக்குக் கொண்டுபோயிருக்கும்.

நான் விளக்கி முடித்ததும், "அப்ப எப்படி வெளியே வர்றது?" என்று இன்னொருவர் கேட்டார். காலைத் தூக்காமல், பாதம் பாதத்தை ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும் என்று லைன்மேன் நடந்து காட்டினார். எல்லாரும் எழுந்து நடந்து பார்த்தார்கள். முப்பது அடிக்கு அப்பால் போன பிறகு போன் போடச் சொன்னோம். விழுந்தவரைத் தூக்க ஓடக் கூடாது என்பதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பெற்ற பிள்ளை கிடந்தால் எந்தத் தாய் நிற்பாள்? ஒரே விபத்தில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான் என்பதால் அதையும் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

போன் யாருக்கு என்பது அடுத்த விஷயம். 2021-ல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் வந்த பிறகு 94987 94987 என்ற ஒரே எண்ணுக்கு மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம். நல்ல ஏற்பாடு; புகார் பதிவாகிறது, மேலே கேட்கிறார்கள். ஆனாலும் நடுராத்திரியில் கிராமத்து ஆள் முதலில் தேடுவது தனக்குத் தெரிந்த லைன்மேனின் எண்ணைத்தான். ஒரே ஊரில் நாளாக வேலை பார்த்த லைன்மேனுக்கு எந்தக் கம்பத்தின் அடி துருப்பிடித்திருக்கிறது என்பதோடு, எந்த வீட்டில் பெரியவர் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார் என்பதும் தெரியும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் நாளில் ஊரில் ஒரு சாவு விழுந்துவிட்டால், ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் சுவிட்சைத் திறப்பார். இந்தப் பழக்கத்தால்தான், அவர் "அந்தக் கம்பத்துல மாட்டைக் கட்டாதீங்க அண்ணே" என்றால் ஊர் கேட்கிறது. பாதுகாப்புக்கு ஒரு நிர்வாகம் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு இப்படிப்பட்ட ஆட்களை ஊரில் நிரந்தரமாக வைத்திருப்பதற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதன் மதிப்பைக் கஜா புயலில் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தப் புயலில் டெல்டா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் கேரளா போன்ற பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். தென்னந்தோப்பே போய்விட்ட குடும்பங்கள் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டன. லாரி போக முடியாத வயலுக்குள் இளைஞர்கள் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கம்பம் நட்டுக் கம்பி இழுத்த பிறகுதான் உண்மையான பதற்றம் தொடங்கும். "எல்லாம் முடிஞ்சிருச்சே, ஏன் சார் கரண்ட் விடல?" என்று ஊர் கேட்கும். பல நாள் இருட்டில் இருந்தவர்கள் கேட்பது நியாயம். ஆனால் இடிந்த கூரைக்கு அடியில் சர்வீஸ் ஒயர் சிக்கியிருக்கும். குளத்துக்குள் கம்பி கிடக்கும். போர்த்திக் கட்டிய தார்ப்பாய்க்குள் பழைய சுவிட்ச் போர்டு நனைந்து தொங்கும். தெருத் தெருவாக நடந்து, சந்தேகமான வீட்டுக்குக் கம்பத்திலேயே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கோயில் மைக்கிலும் பள்ளிவாசல் மைக்கிலும் நேரம் சொல்லிவிட்டுத்தான் சார்ஜ் செய்வோம். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வீட்டு ஒயரிங்கில் நேராகச் செருகியிருந்தவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மெயினை அணைக்காமல் அப்படிச் செருகினால், அது டிரான்ஸ்பார்மர் வழியே உயரழுத்தமாக மாறி, எங்கோ கம்பத்தில் நிற்கும் ஆளைக் கொன்றுவிடும். ஊர் ஆட்களே வீடு வீடாகப் போய் இதைச் சொன்னார்கள். பெயர் தெரிந்த லைன்மேன் கம்பத்தில் நிற்கிறார் என்பதால் சொன்னார்கள்.

தேர்த் திருவிழாக்களுக்கு எப்போதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் தேர் இழுப்பது வழக்கம். பெரிய கோயில்களில் பிரச்சினை இல்லை. தெருச் சப்பரங்களும் சின்னத் தேர்களும்தான் விட்டுப்போகும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஊர் நாட்டாமையிடமும் திருவிழாப் பட்டியல் வாங்கிக்கொள்கிறோம். அலங்காரத்துக்குப் பிறகு உள்ள உயரத்தை நாடா வைத்து அளக்கிறோம். எங்கள் ஆள் தேரோடு நடக்கிறார்.

எனக்கு இன்னும் தூக்கம் கெடுப்பது எலிக்குப் போடும் மின்வேலிதான். சம்பாவில் கதிர் வரும் நேரத்தில் எலி வெட்டினால் ஒரே இரவில் பாத்தி பாத்தியாகப் போகும். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, வரப்போரம் தரைக்குச் சற்று மேலே கட்டிவிடுகிறார்கள். இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரர் அதில் மிதிக்கிறார். சில சமயம் கட்டியவரே. சட்டப்படி அது குற்றம், இணைப்பு துண்டிக்கப்படும், வழக்கு வரும். இதைச் சொன்னால் ஊர் தலையாட்டும். பொழுது சாய்ந்ததும் ஒயர் வயலுக்கு வந்துவிடும். கடன் வாங்கி நட்ட பயிர் கண்ணெதிரே போகும்போது தண்டனைப் பேச்சு மட்டும் எடுபடாது என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். எலிக்கு வேறு வழி காட்டாமல் வேலியை எடுக்கச் சொல்ல முடியாது.

அதனால் இப்போது வேளாண்மைத் துறை ஆட்களையும் சேர்த்துக்கொண்டு போகிறோம். நம் பகுதியிலேயே தலைமுறை தலைமுறையாக மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர் எலிக்கிட்டி என்ற பொறி இருக்கிறது. அதை வைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு இரவில் வைத்துவிட்டுக் காலையில் பிடிபட்ட எலிக்குக் கூலி வாங்கிப் போவார்கள். ஆந்தை உட்கார வயலில் டி வடிவக் குச்சி நடுவதும் உண்டு. தனி ஒரு விவசாயி கிட்டி வைத்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும்; ஒரே மடையில் தண்ணீர் பாயும் வயல்கள் முழுக்க ஒரே வாரத்தில் வைத்தால்தான் பலன். வேலி வழக்கமாகப் போடப்படும் வயல்கள் எவை என்று லைன்மேன்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியலை வைத்து, கதிர் பால் பிடிக்கும் முன்பே மடைக்கு மடை கிட்டிக்காரர்களுக்குச் சொல்லி வைக்கும் வேலையை இந்தச் சம்பாவுக்குத் தொடங்கியிருக்கிறோம். கூலியில் ஒரு பங்கைக் கூட்டுறவுச் சங்கம் ஏற்குமா என்று கேட்டிருக்கிறோம்; பதில் வரும்வரை மடைக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் பிரித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள்.